இளவேனில் விழாவும் தெருக்கூத்தும்

வருஷத்தை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழ் மக்கள், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்துவிட்ட காலம் அது. வேம்பு பூக்கும், மாமரம் காய்த்துத் தொங்கும், உழவனுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். மணமாகிச் சென்ற பெண்கள் குழந்தைகளோடு பிறந்தகம் வருவார்கள். ஊர்த் தெய்வத்துக்குக் காப்புக் கட்டுவார்கள். பூம்புகாரின் இந்திர விழா சித்திரைப் பூரணையை ஒட்டி நடந்ததென்று சிலப்பதிகாரம் கூறுகிறது. மாதவி பதினோராடல் ஆடியதும் அவ்விழாவிலேதான். ஆகவே இளவேனிலையும் குடும்பத்தையும் கலையையும் ஒன்றாகப் பிணைத்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. அவ்வழக்கம் நம் காலத்தில் அறுந்துபோகலாமா என்பதே இன்று நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதைப் பொதுப்படப் பேசுவதில் பயனில்லை. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூருக்கும் புழல் ஏரிக்கும் இடையிலுள்ளது கள்ளிக்குப்பம். பெயரிலேயே கள்ளிச் செடியும் சிறு குடியிருப்பும் இருக்கின்றன. சுற்றிலும் பழம்பெருமை வாய்ந்த தலங்கள். பாடி எனப்படும் திருவலிதாயத்தையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடினார். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். முல்லைவாயில் மாசிலாமணியீசர் வருஷமெல்லாம் சந்தனக் காப்பிலிருந்து, சித்திரைச் சதயத்தன்று மாத்திரம் அது களையப்பெற்றுக் காட்சி தருகிறார். இளவேனில் இப்பகுதிக்குப் புதிய விருந்தாளியன்று.

ஆனால் ஊர் மாறிவிட்டது. 1949ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றி அம்பத்தூரில் தொழிற்சாலை கண்டது. சோஷலிஸ பாணிச் சமுதாயமே நமது லட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை 1955 ஜனவரியில் தீர்மானித்தது ஆவடியிலேதான். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் செய்த முதல் விஜயந்தா டாங்கி 1965ல் வெளிவந்தது. இந்தத் தொழில்களை நாடி வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் வந்து குடியேறின. 2011ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது; 2018ல் அம்பத்தூர் வட்டமும் சென்னை ஜில்லாவுக்குள் வந்தது. கிராமமாக இருந்தது பேட்டையாயிற்று, பேட்டை பட்டணமாயிற்று.

வந்தவர்கள் தெய்வங்களை மறக்கவில்லை. இப்புறநகர்களில் மாரியம்மனுக்கும் திரௌபதியம்மனுக்கும் கோயில்கள் உண்டு. பால்குடமும் உண்டு, பந்தலும் உண்டு. விட்டுப்போனது எது? தாம் விட்டுவந்த கிராமத்தில் அத்தெய்வத்தின் விழாவுக்கு உயிராக இருந்த கூத்து! அதன் இடத்தைப் பல தெருக்களில் சினிமாப் பாட்டுக் கச்சேரியும், காது செவிடுபடும் ஒலிபெருக்கியும் பிடித்துக்கொண்டன.

கூத்தின் அமைப்பு

பட்டணத்து வாலிபர் பலர் தெருக்கூத்தைக் கண்டதேயில்லை. ஆதலின் அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். தொண்டை மண்டலத்தில் திரௌபதியம்மன் விழா பெரும்பாலும் பங்குனி முதல் ஆனி வரையில் நடைபெறும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலைப் படித்துப் பொருள் கூறுவார். பகலில் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் காண்பார்கள். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவை முழங்கும். கட்டியங்காரன் முன்வந்து சபையைச் சிரிக்க வைப்பான். பிறகு இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் பாடிக்கொண்டு தோன்றுவார். அவருடைய கிரீடமும் புஜக்கட்டைகளும் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. மேடையில்லை, சீட்டில்லை, கதவில்லை. தரையே களம்; சுற்றியுள்ள ஊரே சபை.

இது குடும்பத்தின் கலையென்று நாம் கூறுவதற்குக் காரணமுண்டு. வில் வளைப்பன்று திரௌபதியின் கல்யாணம் ஊரார் வீட்டுக் கல்யாணம்போல் நடக்கும். பகாசுரன் கதையன்று சோற்று வண்டி வீதி வலம் வரும். அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் ஸ்திரீகள் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் வீழும், மாலையில் தீமிதி. பாட்டியும் பேரனும், மாமனும் மருமகனும் ஒரே பாயில் உட்கார்ந்து இத்தனையும் காண்பார்கள். குழந்தை தாய் மடியில் உறங்கிவிட்டு, சண்டைக் காட்சியில் மத்தளம் அதிரும்போது விழித்துக்கொள்ளும். வயதுக்கொரு காட்சியாகவும் வகுப்புக்கொரு சீட்டாகவும் மக்களைப் பிரித்து உட்கார வைக்கும் கேளிக்கைகளுக்கு இந்தப் பெருமை உண்டா?

சபையில் எழுந்த கேள்வி

அரசியல் ஊழியர்கள் நம்மை ஒன்று கேட்கலாம். பசியும் வேலையின்மையும் இருக்கையில் கூத்தைப் பற்றி எழுதுவது அவசியமா? அவர்களைத் துகிலுரிதல் கூத்தைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். சூதாட்டத்தில் தருமன் முதலில் தன்னைத் தோற்கிறான். பிறகு மனைவியைப் பந்தயம் வைக்கிறான். சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி கேட்கிறாள்: தன்னையே தோற்று அடிமையானவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமையேது? பீஷ்மருக்கும் துரோணருக்கும் நேரான விடை அகப்படவில்லை. அறிவும் வீரமும் நிறைந்த சபை, அநீதி கண்முன் நடக்கையில் ஊமையாகிறது.

இதைவிடக் கூர்மையான அரசியல் பாடத்தை எந்தப் பிரசங்க மேடையில் கேட்டோம்? எழுத்தறியாத தாய்மார்கள் இக்கேள்வியைப் பன்முறை கேட்டு அதற்காகக் கண்ணீர் வடித்திருக்கிறார்கள். உரிமை என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே கூத்துக் களத்தில் ஒலித்துவிட்டது.

ஆட்சியாளர் இதை நன்குணர்ந்திருந்தனர். அவுரித் தோட்டத் துரைமாரின் கொடுமையையும் அந்நிய ஆட்சியையும் வங்க நாடகங்கள் அம்பலப்படுத்தவே, 1876ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் கூத்தின் உடன்பிறப்பான இசை நாடகத்தில் விசுவநாத தாஸ் தோன்றினார். வள்ளி தினைப்புனத்துப் பறவையோட்டும் பாட்டைக்கொண்டே வெள்ளையர் ஆட்சியைச் சாடினார். பன்முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில் மேடைமீதே உயிர் நீத்தார். சுதந்தரம் வந்த பிறகும் நம்மவர் சர்க்கார் 1954ல் அதே மாதிரியில் ஒரு சட்டம் செய்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர் நீதிமன்றம் 2013ல்தான் தீர்ப்பளித்தது. அதிகாரம் அஞ்சிய ஒரு கலையை மக்கள் அலட்சியத்தால் இழப்பது எவ்வளவு பரிதாபம்!

தடைகள் யாவை?

முதல் தடை இடம். ஏரிக்கரையும் களத்து மேடும் வீட்டு மனைகளாகிவிட்டன. ஐந்நூறு பேர் தரையில் உட்காரக்கூடிய பொதுத் திடல் புறநகர்களில் அருகிவிட்டது.

இரண்டாவது தடை நேரம். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கியையும் வாத்தியங்களையும் தடுக்கின்றன. இவ்விதியை நாம் குறை கூறவில்லை. நோயாளிக்கும், மாணவனுக்கும், இரவு வேலை முடித்து வரும் தொழிலாளிக்கும் உறக்கம் வேண்டும். ஆனால் விடியும் வரை ஆட வேண்டிய கூத்துக்கு இது சங்கடமே.

மூன்றாவது தடை மனப்பான்மை. கூத்து பாமரருக்குரியது, கொச்சையானது, நீளமானது என்று படித்தவர் இகழ்கின்றனர். கட்டியங்காரன் வாயில் கொச்சை வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் திரைப்பாட்டுக்கு அரைகுறை ஆடையில் ஆடுவதைக் குழந்தைகளோடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கட்டியங்காரனைக் கண்டு முகஞ் சுளிப்பது விந்தையே.

பழமை என்பதற்காக எல்லாவற்றையும் காக்க வேண்டுமென்பதும் நமது அபிப்பிராயமன்று. ஜாதி பார்த்து ஒரு சாராரைக் களத்துக்கு வெளியே நிறுத்தும் விழா, எவ்வளவு பழையதாயினும், நமக்கு வேண்டாம். ஆண்களே பெண் வேஷம் கட்ட வேண்டுமென்ற நியதியும் தளர வேண்டும். அது தளர்ந்துமிருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் 1990ல் ஏற்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம், 2002ல் குருகுலம் தொடங்கிச் சிறுவரோடு சிறுமியருக்கும் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது. அக்குருகுலம் 2020ல் மூடப்பட்டாலும், பெண்கள் கட்டை கட்டி ஆட முடியுமென்பதை அது நாட்டுக்குக் காட்டிவிட்டது. செய்யாற்றை அடுத்த புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகின்றனர். 1977ல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை அவர்களிடமிருந்தே நவீன நாடகத்துக்கு வலிமை தேடியது. கலைக்குச் சக்தியில்லை என்பது பொய். அழைப்பாரில்லை என்பதே மெய்.

செய்யத் தக்கவை

சர்க்கார் சும்மா இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. 2007ல் தோன்றி 2011க்குப் பிறகு நின்றுபோன சென்னை சங்கமம் 2023ல் மீண்டும் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அது பொங்கலை ஒட்டியது. சர்க்கார் செலவில் நடப்பது. ஊரார் தம் தெருவில், தம் பணத்தில், தம் பிள்ளைகளுக்காக நடத்தும் விழா வேறு. அதுவே கலையில் சுயராஜ்யம்.

கள்ளிக்குப்பம் போன்ற ஊர்களின் விழாக் கமிட்டியார் இவற்றைச் செய்யலாம். கச்சேரிக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, விழாவில் ஒரு நாளையேனும் கூத்துக்கு விடலாம். மாலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிக்கலாம். ஓரிரவுக் கதையை இரண்டு மாலைகளாகப் பிரித்தால் கதையும் கெடாது, சட்டமும் மீறப்படாது. வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சலுகை காட்டச் சர்க்காருக்கு அவ்விதிகளிலேயே அதிகாரமுண்டு. அச்சலுகையில் ஒரு நாளைத் திரௌபதியம்மன் விழாவுக்கும் தரும்படி கேட்பது நியாயமே. மாநகராட்சியார் விளையாட்டுத் திடல்களையும் பள்ளி மைதானங்களையும் விடுமுறை மாலைகளில் வாடகையின்றித் திறந்துவிட வேண்டும். கூத்தருக்குப் பேசிய பணத்தைக் குறைக்காமல், ஆட்டம் முடிந்த உடனே, மரியாதையோடு கொடுக்க வேண்டும். வயிறு காயும் கலைஞனுக்குப் பொன்னாடை எதற்கு?

இவற்றில் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு தெருவின் மனம் இருந்தால் போதும். அரசியல் ஊழியர்கள் முன்னின்றால் காரியம் எளிதாகும். மக்களை ஒரு களத்தில் சேர்த்து உட்கார வைக்கப் படாத பாடு படுகிறவர்கள் அவர்கள். அவ்வாறு சேர்த்துவைக்கும் கலையோ நம்முடைய வீட்டு வாசலிலேயே காத்து நிற்கிறது. அடுத்த சித்திரைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று சோம்பியிராமல், கமிட்டியார் இப்போதே கூடிக் கூத்தருக்கு அச்சாரம் கொடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.