ஜெபம் செய்தும் பலன் இல்லையா?

"எத்தனை நாள்தான் ஜெபம் செய்வது? ஆண்டவர் காதில் விழவில்லையா?" என்று சலித்துக் கொள்வோர் பலர்.

அவர்கள் ஒரு முறை பரங்கிமலைக்குப் போய் வரலாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சிறிது நேரப் பயணம். புனித தோமையார் ஜெபம் செய்ததாகச் சொல்லப்படும் மலை இது. உச்சியில் உள்ள கோவிலைப் போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டினார்கள்.

காத்திருந்த தாய்

அந்தக் கோவிலின் பெயர் தெரியுமா? எதிர்பார்ப்பின் மாதா கோவில்! குழந்தை இயேசுவை வயிற்றில் சுமந்து காத்திருந்த மரியன்னையின் கோவில். எதிர்பார்ப்பின் மாதா திருநாள் டிசம்பர் 18. கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு!

பத்து மாதத்தை எந்தத் தாயாவது அவசரப்படுத்த முடியுமா? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குழந்தை வளர்ந்து கொண்டுதானே இருக்கிறது?

படிப்படியாக

மலை ஏறப் படிகள் உண்டு. வழியில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள். ஓடி ஏறுகிறவருக்குப் பாதியில் மூச்சு வாங்கும். ஒவ்வொரு நிலையிலும் நின்று ஜெபித்து ஏறுகிற பாட்டி உச்சிக்கு வந்து விடுவார்.

மகன் அகஸ்டின் மனம் திரும்ப, தாய் மோனிக்கா பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார். 387-ல் மகன் ஞானஸ்நானம் பெற்றார். அந்த மகனே பின்னாளில் புனித அகஸ்டின்!

கேட்டது கிடைக்கும் நாள் நம் கையில் இல்லை. இன்றைய ஜெபம் நம் கையில் இருக்கிறது. அதை நிதானமாகச் செய்வோம்.