நாய்க்கு எந்த ரிமோட் கார்?

1936-இல் 14 போலீஸ் நாய்களை வைத்து ஒரு பார்வைச் சோதனை நடந்தது. அவற்றுள் கூர்மையான கண்ணுள்ளவை, அசையும் பொருளை 800 மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது, 600 மீட்டருக்குள் இருந்தால்தான் அவற்றுக்குத் தெரிந்தது. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவது ஒரு தொடர் வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும் நாயைக் கவனித்தால் போதும். எதிரே நிறுத்தியிருக்கும் மோட்டாரை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யாராவது உதைத்துக் கிளப்பி நகர்த்தினால் உடனே தலை நிமிரும், காது விறைக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் வளர்க்கிறவர்களில் பலருக்குப் பெரிய முற்றம் கிடையாது. வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து வீடு சேரும்போது இருட்டியிருக்கும். ஒரு ரிமோட் காரை வாங்கித் துரத்த விட்டால் நாய்க்கு நல்ல ஓட்டம் கிடைக்குமே என்று தோன்றுவது இயல்பு. நல்ல யோசனைதான். ஆனால் கடையில் நம் கை நீள்வது நமக்குப் பிடித்ததை நோக்கி: பளபளக்கும் சிவப்பு, முரட்டுச் சக்கரம், பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய வேகம். வாங்குவது நாய்க்கு என்றால் நாயின் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மூட்டிலிருந்தும் யோசிக்க வேண்டும்.

முதலில், நாய் ஏன் துரத்துகிறது? ஓநாயின் வேட்டை ஒரே செயல் அல்ல, வரிசையாகக் கோத்த பல செயல்கள்: கவனிப்பது, உற்று நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற அமெரிக்கத் தம்பதி 2001-இல் வெளியிட்ட நூலில் இதை அழகாக விளக்கினார்கள். மனிதன் நாயை வளர்த்தெடுத்தபோது இந்த வரிசையில் சில கண்ணிகளை வலுவாக்கினான், சிலவற்றை மழுக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும். கடிக்கும் கட்டம் அதில் மங்கிவிட்டது. லாப்ரடார் வாயில் கவ்வி வருவதையே பெரிதாக விரும்புகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிய கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களுக்கு ஓட்டமே உயிர். மலேசியத் தோட்டங்களில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன பழைய தலைமுறையினரின் நாய்களுக்கு இனப்பெயரே இருந்திருக்காது. ஆனால் இந்த வரிசை முழுசாக இருந்தது. இன்று கிள்ளான் தெருக்களில் திரியும் கலப்பின நாய்களிடமும் அதைக் காணலாம்.

காப்பிங்கர்கள் சொன்னதில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்: இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் தன்னளவிலேயே நாய்க்கு இன்பம். இரை கிடைக்கும் என்பதற்காக அது துரத்துவதில்லை, துரத்தலே பரிசு. வயிறு நிறைந்த நாயும் பந்தின் பின்னால் ஓடுவது அதனால்தான்.

இதைச் சாதகமாக்கிப் பொறி செய்த முதல் ஆட்கள் பந்தயக்காரர்கள். ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர் உருவாக்கிய, தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலைக் கொண்டு 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் கிரேஹவுண்ட் பந்தயத் திடல் திறந்தது. அந்தத் தொழில் நாய்களுக்குச் செய்த கொடுமையை மறக்க முடியாது. நமக்குப் பக்கத்தில் மக்காவ் திடல் 2018-இல் மூடப்பட்டபோது 500-க்கும் மேற்பட்ட நாய்கள் போக்கிடம் இல்லாமல் நின்றன. ஆனாலும் அந்தப் பொறியிலிருந்து கற்க இரண்டு விஷயங்கள் உண்டு. முயலை இயக்குபவர், முன்னால் வரும் நாய்க்கும் முயலுக்கும் இடையில் ஒரே தூரத்தைக் காப்பார். இடைவெளி மிகவும் கூடினால் நாய் ஆர்வமிழக்கும். குறைந்தால் ஓட்டம் முடிந்துவிடும். இன்னொன்று, முயல் முயல்போல இருக்க வேண்டியதே இல்லை. 1970-களில் பரவிய, பந்தயம் கட்டாத துரத்தல் விளையாட்டில் கயிற்றில் கட்டிய வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் பைகளைத்தான் நாய்கள் உயிரைக் கொடுத்து விரட்டுகின்றன.

ஆகவே காரின் அழகை விட்டுவிட்டு, அதன் ரிமோட்டைப் பாருங்கள். மலிவான பல கார்களில் பொத்தானை அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம். நாய்க்கு முன்னால் இடைவெளியைக் காக்க இது உதவாது. விரல் அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் வகைதான் வேண்டும். என் தேர்வில் இதற்கே முதலிடம்.

வேகத்தில் ஆசைப்பட வேண்டாம். நடுத்தர உருவமுள்ள ஆரோக்கியமான நாய் குறுகிய ஓட்டத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொடும். கார் 20, 25 போனாலே போதும். பொழுதுபோக்குப் பந்தயக்காரர்கள் ஓட்டும் பெரிய காரை எடுத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோ எடை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 240 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள கார் 25 கிலோமீட்டரில் போனால் 24 ஜூல். வேகம் பாதி, எடை பாதிக்கும் குறைவு. மோதலின் வலிமையோ பத்தில் ஒரு பங்கு. நாயின் முன்னங்கால் எலும்பு மெல்லியது. குறுக்கே பாயும் நாயின்மேல் கார் மோதுவது அபூர்வமான விபத்து அல்ல, அடிக்கடி நடக்கக்கூடியது.

திருப்பங்களிலும் நிதானம் வேண்டும். 2005-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அஷர்வுட், வில்சன் இருவரும் ஒரு வியப்பை வெளியிட்டார்கள்: வளைவில் ஓடும் மனிதர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், கிரேஹவுண்ட் குறைப்பதில்லை. நாயின் உந்துவிசை இடுப்பைச் சுற்றிய தசைகளிலிருந்து வருகிறது. உடல் எடையைத் தாங்குவது வேறு வேலை. அதனால் வளைவில் கூடும் சுமை அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்தக் கூடுதல் சுமையை மூட்டுகள் ஏற்கின்றன. முயல் தப்பிப்பதே வெடுக்கென்று திரும்பித்தான், ஆனால் நாம் முயலைப்போல ஓட்டக் கூடாது. ஈரப்புல்லில் பாய்ந்துவரும் லாப்ரடாரைச் சட்டென்று திருப்பினால் முழங்கால் தசைநார் கிழியலாம். பெரிய வட்டங்களாக, அகன்ற எட்டு வடிவத்தில் ஓட்டுவதே நல்லது.

இனி நிறம். நாயின் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. 1989-இல் ஜே நெய்ட்ஸும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நீலமும் மஞ்சளும் அதற்குத் தனித்தனியே தெரியும்; சிவப்பும் பச்சையும் குழம்பிவிடும். பச்சைத் திடலில் நம் கண்ணைப் பறிக்கும் சிவப்புக் கார், நாய்க்குப் புல்லோடு கலந்த மங்கல் பழுப்பு. அந்தத் தரையில் எடுப்பாகத் தெரிவது நீலம்.

நீலக் காரைத் தேடி அலைய வேண்டியதில்லை; நீலத் துணி ஒன்றைக் காரின் பின்னால் கட்டுங்கள். நாய் கடைசியில் கவ்வ வேண்டியது அந்தத் துணியைத்தான், காரை அல்ல. காரணம் பேட்டரி. இன்றைய வேகக் கார்களில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பேட்டரி. மெல்லிய உறைக்குள் இருக்கும் அதைக் கோரைப்பல் துளைத்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, சில நொடிகளில் தீப்பிடிக்கலாம். நாய்க்கென்று வாங்கும் காரில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருக்கட்டும், அதன் மூடி திருகாணியால் இறுகியிருக்கட்டும். கட்டும் கயிறு தடிமனான பருத்திக் கயிறாக இரண்டு மீட்டர் அளவில் இருந்தால் நல்லது. தூண்டில் நரம்பு காலை அறுத்துவிடும்.

சத்தத்தையும் நினைக்க வேண்டும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். நமக்கு மெல்லிய ரீங்காரமாக இருப்பது அதற்குக் கீச்சிடலாக இருக்கலாம். முதல் நாள் காரை ஓட்டாமல் தரையில் வைத்து, சுற்றிலும் பிஸ்கட் போட்டு, அதுவாகவே மோந்து பார்க்க விடுங்கள். வாலைச் சுருட்டி ஒதுங்கும் நாயை வற்புறுத்துவது பெரும் தவறு.

ஒவ்வொரு ஓட்டமும் பிடிப்பில் முடிய வேண்டும். லேசர் ஒளிப்புள்ளியை விரட்டும் சில நாய்கள் நிழலையும் ஒளி மினுக்கையும் ஓயாமல் தேடும் பழக்கத்துக்கு ஆளாவதாக விலங்கு நடத்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்தத் துரத்தலில் வாயில் கவ்வ ஒன்றுமே இல்லை. காரை மெல்ல நிறுத்துங்கள், துணியைப் பிடித்து உதறட்டும், பிறகு புல்லில் தீனியைத் தூவித் தேடித் தின்ன விடுங்கள். வேட்டை வரிசையின் கடைசிக் கண்ணியும் நிறைவேறும், பரபரப்பும் அடங்கும். ஏற்கெனவே தெருவில் மோட்டார்களை விரட்டும் நாய்க்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். விழப்போவது ஒரு மனிதர்.

இடம், வேலியிட்ட முற்றமோ தனியார் நிலமோதான். பொது இடத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். தாமான் திடலில் நாயைக் கண்டு ஒதுங்கும் அண்டை வீட்டாரின் மனத்தையும் மதிக்க வேண்டும். மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர்மேல் சுமத்தும் கவனிப்புக் கடமை, விளையாட்டு நேரத்துக்கும் உண்டு.

கடைசியாக, இந்த ஊரின் வெயில். கோலாலம்பூரில் பிற்பகல் 32, 33 டிகிரி சாதாரணம். நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது குளிர்கிறது. காற்றிலேயே ஈரம் கனத்திருக்கும்போது ஆவியாதல் மந்தமாகிவிடும். வழக்கமாக 38, 39 டிகிரியில் இருக்கும் உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. துரத்தலின் இன்பத்தில் இருக்கும் நாய் தானாக நிற்காது. காலை எட்டு மணிக்கு முன்னோ சூரியன் சாய்ந்த பிறகோ, ஒரு நிமிட ஓட்டமும் அதைவிட நீண்ட ஓய்வுமாக நாலைந்து சுற்று போதும். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் அதிகம். அவற்றுக்கு வீட்டுக்குள் துணியை ஆட்டி விளையாடுவதே சரி. நாக்கு அகன்று நுனி மேலே வளைந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, நாயை நிழலுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் காட்டுங்கள். இளைப்பு சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ நடை தள்ளாடினாலோ, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.