கிட்டாரின் குரலை மாற்றும் 20 காசு! தெரியுமா?

மின்கிட்டாரில் இரண்டு ப்ரெட் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கூடினால் சத்தமே மாறிவிடும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான்! ஆனால் அந்த இரண்டு ப்ரெட்டையும் நீங்கள் ஒருதடவைகூடத் தொட வேண்டாம். தொடாமலேயே மாறும்! எப்படி?

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு. சாயங்காலமானால் அக்கா மகன் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிடுவான், பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிடுவார். போன மாதம் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். "மாமா, என் பழசுல 22 ப்ரெட். இதுல 24! அதான் சவுண்டு பளிச்சுனு இருக்கு!" என்றான். சமையலறைத் தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தோம். 22ஆவது ப்ரெட்டுக்கும் 24ஆவது ப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? சட்டைப்பையில் இருந்த 20 காசு நாணயத்தை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அச்சு அசலாக உட்கார்ந்தது!

நாணயத்தின் அகலம் 20.6 மில்லிமீட்டர். அந்த இடைவெளி 19.8 மில்லிமீட்டர். அவ்வளவுதான் விஷயம்!

கணக்கு இன்னும் வேடிக்கை! பிரபலமான பல மின்கிட்டார்களில் மீட்டும் தந்தியின் நீளம் 64.8 சென்டிமீட்டர். 12ஆவது ப்ரெட்டை அழுத்தினால் தந்தி சரிபாதி. 24ஆவதை அழுத்தினால்? கால்வாசி! பிரிட்ஜிலிருந்து, அதாவது கிட்டார் உடலில் தந்தி முடியும் இடத்திலிருந்து, வெறும் 16.2 சென்டிமீட்டர். 22ஆவது ப்ரெட் 18.2இல் நிற்கும், 21ஆவது 19.3இல்.

தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றும் காதுதான் பிக்கப். இப்போது கழுத்துப் பக்கத்து பிக்கப் எங்கே உட்காரும், சொல்லுங்கள்? ப்ரெட் பலகை முடிந்த பிறகுதானே இடம்! 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு (செல்லமாக ஸ்ட்ராட்) 21 ப்ரெட். ஆகவே கழுத்து பிக்கப் பிரிட்ஜிலிருந்து சரியாக 16.2 சென்டிமீட்டரில் ஜம்மென்று உட்கார்ந்தது. 24 ப்ரெட் கிட்டாரில் அந்த இடத்தைக் கடைசி ப்ரெட் பிடித்துக்கொண்டது! பிக்கப் என்ன செய்யும், பாவம்? பிரிட்ஜ் பக்கம் நகர்ந்துதான் ஆக வேண்டும். சுமார் ஒரு 20 காசு தூரம்!

நகர்ந்தால் என்ன? தந்தி நடுவில்தான் அதிகம் ஆடும், பிரிட்ஜை நெருங்க நெருங்க ஆட்டம் சுருங்கும். அதனால் கழுத்துப் பக்கம் கனத்த, உருண்ட சத்தம். பிரிட்ஜ் பக்கம் மெலிந்த, கூரான சத்தம். பையன் கேட்ட 'பளிச்' இதுதான்! (பிக்கப்பின் ரகமும் தந்தியும்கூட மாற்றும், அது தனிக் கதை.)

ஒரு தந்திக்குள் எத்தனை சுரம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? கோயில் கச்சேரியில் தம்புராவைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? மந்தரத் தந்தியில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும்! தந்தி ஒரே துண்டாக மட்டும் ஆடுவதில்லை. இரண்டு துண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாக, எல்லாம் ஒரே நேரத்தில் ஆடுகிறது. அந்த ஐந்து துண்டு ஆட்டம்தான் காந்தாரம்!

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி அசையாமல் நிற்கும். பிக்கப் சரியாக அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால்? அந்தச் சுரம் அதன் காதில் விழாது!

நம்ப முடியவில்லையா? ஸ்ட்ராட் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். 5ஆவது ப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது! தந்தி நான்கு துண்டாக ஆடும். கழுத்து பிக்கப்பில் கேட்டால் சத்தம் சோர்ந்து போயிருக்கும். சுவிட்சைப் பிரிட்ஜ் பிக்கப்புக்குத் தள்ளுங்கள். கணீர்! அதே தந்தி, அதே விரல்!

"ஆகா, அந்தக் கால்வாசிப் புள்ளிதான் மந்திரப் புள்ளி, 24 ப்ரெட் வந்து அதைக் கெடுத்துவிட்டது" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்! முதல் ப்ரெட்டில் விரலை வைத்ததுமே தந்தி குட்டையாகிவிடுகிறது, புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. பிக்கப் மட்டும் அங்கேயே நிற்கிறது! ஆக, அந்த மந்திரம் திறந்த தந்திக்கு மட்டும்தான். என்னைக் கேட்டால் பாதி வதந்தி!

ஆனால் மீதிப் பாதி? அதுதான் அசத்தல்! ஸ்ட்ராட்டில் 12ஆவது ப்ரெட்டை அழுத்துங்கள். மிச்சத் தந்தி 32.4 சென்டிமீட்டர், பிக்கப் 16.2இல். நட்டநடு! இரண்டு, நான்கு, ஆறு துண்டு ஆட்டங்கள் மொத்தமும் மங்கிப்போகும், ஒற்றைப்படை மட்டும் மிஞ்சும். ஒற்றைப்படைச் சுரங்கள் தூக்கலாக ஒலிக்கும் வேறு கருவி எது தெரியுமா? கிளாரினெட்! மேல்சுரங்களில் ஸ்ட்ராட் வெற்றுக் கூடு மாதிரி ஒலிப்பது இதனால்தான். 24 ப்ரெட் கிட்டாரில் பிக்கப் நடுவை விட்டு விலகிவிடுகிறது, அந்தக் கூடு ஒலி குறைகிறது!

சரி, 24 என்ற எண்ணை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்று நினைத்தீர்களா? நம் வீணையில் ப்ரெட்டுக்குப் பெயர் மெட்டு. மொத்தம் எத்தனை? எண்ணிப் பாருங்கள். 24! அதே இரண்டு ஸ்தாயி! தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 நிலையான மெட்டு வீணை உருவானதாகச் சொல்வார்கள். மின்கிட்டார் பிறக்க இன்னும் 300 வருஷம் பாக்கி! அதுவும் மெட்டுகளை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை, மெழுகில் பதிப்பது! மேளம் கட்டுவது என்பார்கள். மெழுகு இளகினால் சுரமும் நகரும்!

வீணையில் மெட்டு உயரமாக நிற்பதால் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம். கிட்டாரில்? 1970களில் விக்கு விநாயகராம், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாக்லின், ப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கிய கிட்டாரை வைத்திருந்தார். பலகையைத் தாழ்த்தி மெட்டை உயர்த்திவிட்டார்!

மாண்டலின் ஸ்ரீநிவாஸ்? ஜோடி ஜோடியாக 8 தந்தி உள்ள கருவியை ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, மின்சாரமும் ஏற்றினார். முதல் கச்சேரியின்போது வயது 9!

இன்னும் கேளுங்கள்! ஸ்ட்ராட்டைப் படைத்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது! ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்!

அவருக்கும் முன்னால், 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் மின்கிட்டாருக்கு என்ன பட்டப்பெயர்? பொரிக்கும் சட்டி! மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டைத் தந்தியில் தேய்த்து வாசிப்பது.

பிக்கப்புக்குள் என்ன இருக்கிறது? காந்தமும், தலைமுடி அளவு செம்புக் கம்பியும். எத்தனை சுற்று? ஆயிரக்கணக்கில்! நைலான் தந்தியைக் கட்டிப் பாருங்கள், ஊமை! காந்தத்துக்கு இரும்புதான் வேண்டும்.

கிட்டார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கை ஸ்ட்ராட்டைத் தலைகீழாகத் திருப்பினார். சாய்வாக இருந்த பிரிட்ஜ் பிக்கப்பும் சேர்ந்து திரும்பியது. தடித் தந்திக்குக் கூர்மை, மெல்லிய தந்திக்குக் கனம்! பிக்கப்பின் இடம் செய்த வேலை!

நம்மூர்க் கதை இல்லாமலா? 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு மலாயா முழுக்க இளசுகள் கையில் மின்கிட்டார்! அவர்கள் அமைத்த குழுக்களுக்குப் பெயரே 'குகிரான்'. கும்புலான் கித்தார் ரன்சாக் என்பதன் சுருக்கம், துள்ளும் கிட்டார் குழு! அந்த அலையில் ஓரங்கட்டப்பட்டது யாருடைய இசை தெரியுமா? 1929இல் பினாங்கில் பிறந்த மலாய்ப் பாடகர் பி. ரம்லியின் இசை! அவர் வீடு இன்று அருங்காட்சியகம், எங்கள் பக்கத்திலேயே, அவர் பெயர் தாங்கிய சாலையில்.

1960களின் கடைசியில் இதே பினாங்கில் கிளம்பிய அலிகேட்ஸ் குழுவின் முகங்கள் யார்? டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். நம் தமிழ் அண்ணன் தம்பி! காடு மாதிரித் தலைமுடியோடு மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டார்கள். லோகநாதன் 2007இல் காலமானார்.

சரி, கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ப்ரெட்டை எண்ணி மயங்காதீர்கள்! மேல்சுரம் அதிகம் வாசிப்பீர்கள் என்றால் 24 எடுங்கள். கனத்த, குழைந்த கழுத்துச் சத்தம்தான் வேண்டும் என்றால் 21 அல்லது 22 போதும். கடைக்குப் போகும்போது ஓர் அளவுநாடா எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜிலிருந்து கழுத்து பிக்கப் வரை அளந்து பார்த்துவிட்டு அப்புறம் வெள்ளியை நீட்டுங்கள்!