பானைக்குள் யானை!

இரவு மணி பத்தரை இருக்கும். எங்கள் தெருக்கோடியில் உள்ள பிரௌசிங் சென்டரில் ஓர் இளைஞன் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தான். உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நள்ளிரவோடு கதவு சாத்தப்பட்டுவிடும். மதிப்பெண் சான்றிதழைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். அதன் கனம், கம்ப்யூட்டர் கணக்கில் சொன்னால், நான்கு மெகாபைட். விண்ணப்பப் பக்கமோ 200 கிலோபைட்டுக்கு மேல் ஒரு துளிகூட ஏற்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. இருபதில் ஒரு பங்கு! யானையைப் பானைக்குள் நுழையச் சொன்னால் எப்படி நுழையும்?

கடைக்காரர் ஏதோ தட்டினார். நான்கு மெகாபைட் 180 கிலோபைட் ஆயிற்று. இளைஞன் முகம் மலர்ந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் மலர்ந்த முகம் வாடிவிட்டது. பதிவு எண்ணில் கடைசியாக இருப்பது மூன்றா, எட்டா என்று அவனுக்கே தெரியவில்லை!

இது ஏன் நேர்ந்தது? யானையைச் சுருக்கும் வித்தையைச் சற்றுத் தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

வாழ்த்துத் தந்தி

2013-ம் வருஷம் ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவை நின்றுபோயிற்று. கல்யாண வாழ்த்துத் தந்தி அனுப்பியவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். மணமக்களுக்குரிய நீண்ட வாசகத்தை முழுவதும் எழுத வேண்டியதில்லை. அதற்கென்று வைத்திருந்த எண்ணைக் குறித்தால் போதும். அந்த ஊர்த் தந்தி ஆபீசில் எண்ணைப் பார்த்து முழு வாசகத்தையும் கொடுத்துவிடுவார்கள். எழுத்து மிச்சம், வாழ்த்தோ ஓர் எழுத்துக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

இஸ்ரேல் நாட்டு ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இரு அறிஞர்கள் 1977-ல் வெளியிட்ட முறையும் ஏறக்குறைய இதுதான். ஒரே சொற்றொடர் மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், ‘இத்தனை எழுத்துப் பின்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறிப்பு மட்டும் வைப்பது. நாம் ‘ஸிப்’ என்று சொல்லும் கோப்பு இந்த வழியில் வந்தது.

அதற்கும் முன்னால் 1951-ல் நடந்த கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ராபர்ட் பேனோ தம் மாணவர்களிடம், “பரீட்சை எழுதுகிறீர்களா, அல்லது இந்தக் கணக்கைத் தீர்த்துக் கட்டுரை தருகிறீர்களா?” என்று கேட்டார். டேவிட் ஹப்மன் என்ற மாணவர் பரீட்சைக்குப் பதில் கணக்கை எடுத்துக்கொண்டார். அது பேனோவுக்கே முழுமையாகப் பிடிபடாத கணக்கு என்பது பாவம், அவருக்குத் தெரியாது! மாதக்கணக்கில் மல்லாடி, குறிப்புகளைக் குப்பையில் எறியப் போன வேளையில் விடை தோன்றிற்றாம். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி, அபூர்வமாக வரும் எழுத்துக்கு நீளக் குறி. இதை மிகச் சிக்கனமாகச் செய்யும் வழியை அவர் கண்டார். 1952-ல் அச்சாயிற்று. இன்றும் நம் கோப்புகளுக்குள் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

சம்பளமில்லாத கோடை

எழுத்துக்கு இது சரி. படத்துக்கு? இங்கே நம்மவர்கள் வருகிறார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பல்கலைக் கழகத்தில் இருந்தபோது, 1972-ல் ஒரு யோசனையை எழுதி, ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். ‘ரொம்பச் சுலபமான யோசனையாக இருக்கிறதே’ என்ற தோரணையில் அபிப்பிராயம் வந்தது; பணம் வரவில்லை. மனைவியோடு கலந்து பேசிவிட்டு, மறு வருஷக் கோடை விடுமுறையில் சம்பளமில்லாமலே அந்த வேலையில் இறங்கினார். தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் 1992-ல் வந்த ‘ஜேபெக்’ படமுறைக்கு அஸ்திவாரம். நம் செல்போனில் குவிந்து கிடக்கும் போட்டோக்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் இருக்கின்றன.

இந்த முறை படத்தைப் பக்கத்துக்கு எட்டுப் புள்ளியாகச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளாக மாற்றுகிறது. பெரிய அலைகளை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடி அலைகளைத் தள்ளிவிடுகிறது. தள்ளியது தள்ளியதுதான், திரும்பி வராது. முகமும் வானமும் இதனால் கெடுவதில்லை. ஆனால் எழுத்தின் கூரிய ஓரம் அந்தப் பொடி அலைகளில்தானே இருக்கிறது? அளவுக்கு மீறி நெருக்கினால் மூன்றும் எட்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆறு எட்டானது

மங்கினாலாவது கண்டுபிடித்துவிடலாம். பளிச்சென்று தெரிந்துகொண்டே பொய் சொன்னால்? 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்பவர் கட்டட வரைபடம் ஒன்று ஜெராக்ஸ் கம்பெனி யந்திரத்தில் ஸ்கேன் செய்யப்பட்டதை ஆராய்ந்தார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் பிரதியில் 14.13 என்றே வந்திருந்தன! வேறு தாள்களில் ஆறு எட்டாகியிருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்றுபோல் தோன்றும் உருவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிட்டது யந்திரம். கம்பெனி பிறகு திருத்தம் வெளியிட்டது. மருந்துச் சீட்டிலோ பத்திரத்திலோ இப்படி ஆனால் என்ன கதி!

கொஞ்சம் கணக்கு

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். வர்ணத்தில் புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காத நிலையில் 26 மெகாபைட். சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். புள்ளியை 150 ஆகக் குறைத்தால் மேலும் நான்கில் ஒன்று. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது வர்ணத்தையும் புள்ளியையும். கடைசியாகத்தான் தரத்தில் கை வைக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு யூனிகோட் யு.டி.எப்-8 முறையில் மூன்று பைட். பக்கத்துக்கு இரண்டாயிரம் குறி என்றாலும் ஆறே கிலோபைட். அதைப் பிரிண்ட் எடுத்து, போட்டோ பிடித்து, நான்கு மெகாபைட்டாக அனுப்புகிறவர்களை என்ன சொல்வது! நேரே பி.டி.எப். ஆக்கிவிட்டால் போதுமே.

ஜேபெக் படத்தை ஸிப் செய்து பயனில்லை. பிழிந்த கரும்பில் சாறு ஏது? சுருக்கிய பிரதியையே மறுபடி மறுபடி சுருக்குவதும் தவறு. அசல் தனியே இருக்கட்டும். இன்னொன்று: இலவசமாகச் சுருக்கித் தருகிறோம் என்று அழைக்கும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஆதார் அட்டையையும் பாங்குப் புத்தகத்தையும் ஏற்றாதீர்கள். நம் தாள் அங்கே யார் கையில் தங்குகிறது என்பது நமக்குத் தெரியாது.

அந்த இளைஞனிடம் அசல் சான்றிதழ் பையிலேயே இருந்தது. கடைக்காரர் அதை வாங்கி ஸ்கேனரில் வைத்தார். சாம்பல் நிறம், 150 புள்ளி, ஓரத்து வெற்றிடம் வெட்டப்பட்டது. 165 கிலோபைட். பெரிதாக்கிப் பார்த்தோம். எட்டுதான். பதினொன்றே முக்காலுக்கு ரசீது வந்தது.