மூன்று மாவட்ட நூலகங்களுக்கு ஒரே தேடல்

நூலகத் தானியக்கம் என்றதும் 2010-ல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரியான இடங்களே நினைவுக்கு வரும். ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை ஒட்டிய புத்தகங்களை ஒரு கட்டாக மேஜையில் வைத்தாலே இரவல் பதிவாகிவிடும். அந்த வில்லைக்கு பேட்டரி கிடையாது. கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும். பதியாமல் வெளியே கொண்டுபோனால் வாசலில் மணி அடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயப்பன்தாங்கல் வாசகருக்கு முதலில் வேண்டியது இது அல்ல. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற தகவல்.

ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பக்கம் போரூர், அது சென்னை. மறுபக்கம் காட்டுப்பாக்கமும் பூந்தமல்லியும் திருவள்ளூர். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் சில கிலோமீட்டருக்குள் மூன்று மாவட்டங்கள் வந்துவிடுகின்றன. பொது நூலகங்களை நடத்தும் ஆணைக்குழுக்களோ மாவட்டவாரியானவை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியும் அந்தந்த ஆணைக்குழுவுக்கே போகிறது. பஸ் ஏறுகிறவருக்கு இந்த எல்லைகள் ஒரு பொருட்டில்லை. கேட்ட நாவல் போரூரில் இருக்கிறதா, பூந்தமல்லியிலா, யாராவது இரவல் எடுத்திருக்கிறார்களா என்பது கிளம்பும் முன்பே கைப்பேசியில் தெரிந்தால் போதும்.

'எங்கள் வரியில் வாங்கியதை அடுத்த மாவட்டத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்று கேட்கலாம். இருப்பைக் காட்டுவது வேறு, இரவல் கொடுப்பது வேறு. உட்கார்ந்து படிக்க வருகிறவரை எந்தக் கிளையும் திருப்பி அனுப்பப் போவதில்லை. பணம்? நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் இயங்கத் தொடங்கிய 'கோஹா' மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. சர்வருக்கும் பராமரிப்புக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை.

வலுவான ஆட்சேபம் ஒன்றுதான்: ஒற்றை ஆளை வைத்து ஓடும் ஊர்ப்புற நூலகத்தில் யார் பதிவது? தமிழில் இது வெறும் தட்டச்சு வேலையும் அல்ல. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர், கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர் என்று பட்டியலில் இணைத்துவைக்காவிட்டால் தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் ஏற்றியவை தேடலில் சிக்கவே சிக்காது. இதைச் செய்ய நூலகர்தான் வேண்டும். மென்பொருள் வந்தால் அவர் வேலை போய்விடும் என்பவர்கள் இந்த வேலையைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் இதையே திரும்பச் செய்யத் தேவையில்லை. பொது நூலகத் துறை ஒரே நூலின் பிரதிகளை மொத்தமாக வாங்கிப் பல நூலகங்களுக்கு அனுப்புகிறது. வாங்கும் இடத்திலேயே ஒருமுறை சரியாகப் பதிந்தால் கிளைகள் தங்கள் பிரதியின் எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய இருப்பை இரவலிலிருந்து திரும்பி வரும் புத்தகங்களில் தொடங்கலாம். அலமாரிக்குப் போகும் முன் பதிந்துவிட்டால், ஆட்கள் உண்மையில் கேட்கிற நூல்களே முதலில் பட்டியலில் ஏறும்.