டெஸ்ட் 'இல்லை' என்று சொன்ன காலரா

திண்டுக்கல்காரங்க தண்ணி எப்ப வரும்னு நிறைய பேசுவோம். அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு இன்னைக்குப் பேசலாம்.

காலராவை உண்டாக்குவது விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா. ஆனா அந்தப் பேர்ல இருக்கிற எல்லாமே ஆபத்தானது இல்லை. கழிமுகத் தண்ணியில சும்மா வாழுற சொந்தக்காரங்க ஏராளம். மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாமே வளைஞ்ச குச்சிதான்.

அப்போ எப்படிப் பிரிக்கிறது? பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வெச்சு ஓ1, ஓ2 என்று வரிசையா நம்பர் கொடுத்திருந்தாங்க. பெரிய கொள்ளைநோயா பரவினது ஓ1 மட்டும்தான். அதனால லேப்ல கண்ணாடித் தகட்டில் கிருமியை வெச்சு, ஓ1-க்கான ஆன்டிசீரம் ஒரு சொட்டு விடுவாங்க. கட்டி கட்டியா திரண்டா ஓ1. திரளலைன்னா 'ஓ1 அல்லாதது'. அது அங்கங்கே சிலருக்கு வயித்துப்போக்கு தரும், ஊரையே பிடிக்காது என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

1992 கடைசியில சென்னை, வேலூர், நம்ம பக்கத்து மதுரையில நோயாளிகள் வந்தாங்க. அரிசி கழுவின தண்ணி மாதிரி பேதி, உடம்புல நீர் வேகமா வத்திப்போகுது. அச்சு அசல் காலரா. ஆனா ஆன்டிசீரம் விட்டா திரளவே இல்லை! அதுவரை தெரிஞ்ச 138 வகையிலும் அது சேரலை. அதனால 1993-ல் ஓ139 என்று புதுப் பேர் வெச்சாங்க. அதுக்குள்ள அது கொல்கத்தா, வங்கதேசம் வரை போயிடுச்சு. ஓ1-ஐ எதிர்த்துப் பழகின பெரியவங்களையும் விடலை.

பிறகு மரபணுவைப் பார்த்தா, உள்ளே இருந்தது கிட்டத்தட்ட பழைய ஓ1-தான். மேல்சட்டையைத் தயாரிக்கிற மரபணுத் துண்டு மட்டும் மாறியிருந்தது. நச்சு மரபணு அப்படியே இருந்தது. கோட்ல யூசர்நேமை மட்டும் பார்த்து பிளாக் பண்ற மாதிரிதான் நம்ம டெஸ்ட் இருந்திருக்கு.

இத்தனைக்கும் பேதிக்குக் காரணம் அந்த நச்சுதான்னு கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-லேயே காட்டிட்டார். இப்போ லேப்ல ஓ1, ஓ139 ரெண்டுக்கும் ஆன்டிசீரம் வெச்சுப் பார்க்கிறாங்க. நச்சு மரபணு இருக்கான்னு பிசிஆரில் தேடுறாங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆன்டிசீரம் எதுவா இருந்தாலும் முதல் வைத்தியம் ஒண்ணுதான்: இழந்த தண்ணியையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கணும். வீட்ல யாருக்காவது தண்ணியா பேதி போனா, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.