முத்தம் வாங்கிய மீன் பிழைக்குமா?

ரெக்ஸ் ஹன்ட் என்றால் ஆஸ்திரேலியர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு காட்சிதான். பிடித்த மீனைக் கையில் ஏந்துவார், அதன் வாயில் முத்தமிடுவார், பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

காவல்துறையில் பணியாற்றியவர் ஹன்ட். ஆஸ்திரேலியக் கால்பந்தில் மெல்போர்னின் ரிச்மண்ட் அணிக்காக ஆடி 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றவர். பின்னர் அதே ஆட்டத்துக்கு வர்ணனையாளரானார். வீரர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டிக் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோகும் அவரது பாணியில் சொக்கிப்போனவர்களும் உண்டு, அது வெறும் ஆர்ப்பாட்டம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவருடைய மீன்பிடி நிகழ்ச்சியோ பல நாடுகளில் ஒளிபரப்பானது. பிடித்ததையெல்லாம் வாளியில் நிரப்ப வேண்டியதில்லை என்பதை அந்த முத்தம் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது.

ஆனால், முத்தம் வாங்கும் அந்தச் சில நொடிகளில் மீனுக்கு என்ன நேர்கிறது?

தூண்டிலில் சிக்கிய மீன் முழு பலத்தையும் கொடுத்து இழுக்கிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. அதாவது, ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதை வெளியே தூக்குகிறோம். செவுளின் மெல்லிய இழைகள் தண்ணீர் தாங்கினால்தான் விரிந்து நிற்கும். காற்றில் அவை நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சுத் திணறுகிறது.

இதைக் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992இல் அளந்து காட்டினார்கள். அவர்கள் சோதித்தது ரெயின்போ டிரவுட். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட அதே மீன். களைக்கக் களைக்க விரட்டியபின் தண்ணீரிலேயே வைத்திருந்த மீன்களில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 நொடி வைத்தவற்றில் 72 சதவீதம். ரத்தம் எடுப்பதற்காக முன்பே குழாய் பொருத்தப்பட்ட ஆய்வக மீன்கள் இவை. ஆற்றிலும் இத்தனை சாகும் என்று கொள்ளக்கூடாது. ஆனாலும், ஒவ்வொரு நொடிக்கும் விலை உண்டு என்பது இதில் தெளிவு.

தோலிலும் ஆபத்து இருக்கிறது. கையில் வழுக்கும் அந்தக் கோழைப் படலம்தான் கிருமிகளுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் எதிரான முதல் அரண். உலர்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்துவிடும்.

ஆழத்திலிருந்து வரும் மீனுக்கு இன்னொரு துன்பம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு. சட்டென்று மேலே இழுத்தால் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை விரிந்து, வயிற்றை வாய்வழியே பிதுக்கித் தள்ளும். மேலேயே விட்டால் மீன் மிதந்துகொண்டிருக்கும், பறவைக்கு இரையாகும். எடை கட்டி ஆழத்துக்கே அனுப்பினால் காற்று மறுபடி சுருங்கும்; பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.

வலி உண்டா என்பதுதான் பெரிய சர்ச்சை. மூளையில் புறணி இல்லாத மீனால் வலியை உணரமுடியாது என்றார்கள் ஒரு சாரார். 2003இல் பிரிட்டனில் லின் ஸ்னெடனின் குழு டிரவுட்டின் உதட்டில் அசெட்டிக் அமிலம் செலுத்திப் பார்த்தது. மீன்கள் இரை எடுக்கவில்லை. உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலி நீக்கும் மார்ஃபின் கொடுத்ததும் அந்தத் தேய்ப்பு குறைந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. சுவிட்சர்லாந்திலோ, விட்டுவிடும் எண்ணத்துடனேயே மீன்பிடிப்பதற்குச் சட்டம் இடம் தருவதில்லை.

மீன்மேல் பரிவு வேண்டும் என்று ஹன்ட் காட்டியது சரி. அந்தப் பரிவை எப்படிச் செயலில் காட்டுவது என்பதை அறிவியல் சொல்லியிருக்கிறது. தூண்டில் போடுகிறவர்கள் எதிர்முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்துங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள். உண்பதற்கு என்றால் மீனைத் துடிக்கவிடாமல் உடனே கொன்றுவிடுங்கள். விடுவதற்கு என்றால் தண்ணீரைவிட்டு எடுக்காமலே விட்டுவிடுங்கள்.